வைரவர் காத்த காணி

எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு புல் முளைக்காது. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இந்த வீட்டை வாங்கிய கையோடு, அம்மா ஆள் பிடித்து அந்த மண் முழுவதற்கும் கொங்கிரீட் போடுவித்துவிட்டார். இரண்டு பக்கத்து வீடுகளிலும் ரோசாவும் தக்காளியும் சடைத்துக் கிடக்க, எங்கள் பக்கம் மட்டும் மொட்டையாக வெயில் காயும். "ஊரில தோட்டக்காரற்ற மகள், இஞ்ச ஒரு புதினாக் கன்றுக்கும் வழியில்லை" என்று வருகிற சனமெல்லாம் நக்கலடிக்கும். அம்மா சிரித்துக்கொண்டே தேத்தண்ணி போட எழும்பிவிடுவார். காரணம் எனக்குத் தெரியும். அம்மா இந்த வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாருடைய முகத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஏழெட்டு வயதில் லண்டனுக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்டு, அடுத்த வருடமே டொக்டரிடமும் கவுன்சிலிலும் அப்பா அம்மாவுக்கு வாயாக நின்றவர்கள் நீங்கள். உங்களுக்குச் சொன்னால் விளங்கும். என் மகளிடம் சொன்னால், "அம்மா, வை டிடின்ட் யூ ஜஸ்ட் கம்ப்ளெயின்?" என்பாள். அவளுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை.

அப்போது நாங்கள் தெற்கு லண்டனில் இருந்தோம். மோர்டனுக்குப் போகிற பஸ் ஒன்று எங்கள் தெருவால் போகும். அதற்கு மேல் இடம் கேட்காதீர்கள். மீன் பொரிக்கிற கடை ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறை. போர்வை, பள்ளிக்கூட யூனிபோர்ம், என் தலைமயிர், எல்லாவற்றிலும் பொரித்த எண்ணெய் மணம். அம்மா விடியப்புறம் ஒபீஸ் கூட்டப் போவார். வந்து கொஞ்சம் படுப்பார். பின்னேர ஷிப்டுக்கு ஒரு ஹோட்டலில் துணி தோய்க்கப் போவார். ஊரை விட்டு வந்த பிறகு அம்மா கதைப்பது வரவரக் குறைந்துவிட்டது. ஓம், இல்லை, சாப்பிடு, படு. அவ்வளவுதான். அம்மாவுக்கு ஏதோ வருத்தம் என்று அப்பா டொக்டரிடம் கூட்டிப் போனார். அம்மாவுக்கு என்ன செய்கிறது என்று டொக்டர் கேட்டபோது, எதை மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் நான் நின்றேன்.

அந்தக் காணி கிடைத்த பிறகுதான் அம்மாவுக்கு வாய் திரும்பி வந்தது.

ரயில் பாதைக்கும் ஒரு வரிசை வீடுகளுக்கும் நடுவில் கிடந்த நீளமான காணி அது. சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, பயிர் வைக்கச் சனத்துக்குக் கொடுத்திருந்தார்கள். வாசலில் ஒரு கல் இருந்தது. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு பணக்காரக் கைம்பெண், இந்தப் பகுதியின் ஏழைச் சனம் பயிர் செய்து சாப்பிட என்று அந்த நிலத்தை எழுதி வைத்தாராம். காணி அவர்களுக்குரியது. கவுன்சில் அதைப் பொறுப்பாக வைத்துப் பார்க்க வேண்டும், என்றைக்கும். இதையெல்லாம் கல்லில் வெட்டியிருந்தார்கள். அப்பா எழுத்துக்கூட்டி வாசித்துச் சொல்ல, பக்கத்தில் நின்ற பெரியப்பா துள்ளிவிட்டார்.

"அட, இது தர்மசாதனமெல்லோ! ஊரில மடத்துக் காணி மாதிரி. இதில ஒருத்தனும் கை வைக்கமாட்டான்."

பெரியப்பா அப்பாவின் மூத்த அண்ணன். லண்டனில் இருந்த எங்கள் சொந்தத்துக்கெல்லாம் தலை அவர்தான். எங்களுக்கும் பங்காளிக் குடும்பங்கள் சிலவற்றுக்கும் பக்கம் பக்கமாகத் துண்டுகள் கிடைத்தன. எடுத்துத் தந்தவர் கவுன்சில் சித்தப்பா. அப்பாவுக்குத் தம்பி முறை. எங்களுக்கு முன்னமே வந்து, படித்து, கவுன்சிலில் கழுத்துப்பட்டி கட்டி வேலை செய்த ஒரே சொந்தக்காரர். மழையோ வெயிலோ, கையில் நீளக் குடை இருக்கும். அவர் வருகிறார் என்றால் அம்மா புதுச் சீலை மாற்றுவார், அப்பா ரீவியை நிற்பாட்டுவார். ஒரு கடிதம் வந்தால் அவர், அரசாங்கம் தருகிற பெனிபிட் காசு நின்றால் அவர். இப்போதும் பாருங்கள், "அவர், இவர்" என்று மரியாதை வைத்துத்தான் எழுதுகிறேன். பழக்க தோஷம், என்ன செய்வது!

அம்மா மண்ணில் கை வைத்தார். வெந்தயம், கொத்தமல்லி, பூசணி, கொடி ஏறுகிற போஞ்சி. வெண்டியும் போட்டுப் பார்த்தார், அது குளிரில் கூனிப்போய் நின்றது. அம்மா அதைப் பார்த்து, "உனக்கு லண்டன் ஒத்துவரேல்லையே? சொல்லு, எனக்கும் அப்பிடித்தான்" என்று கதைத்தார். நான் தக்காளிக் கன்றுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் வாயிலிருந்து அவ்வளவு நீளமாகப் பேச்சு வந்து எவ்வளவு காலம்! அன்றிலிருந்து நாளும் ஒரு கதை. உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டு தன் பள்ளிக்கூடக் கதை சொல்லுவார். ரயில் போனால் கொஞ்சம் நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

காணி என்றால் காவலுக்கு வைரவர் வேண்டும் என்றார் பெரியப்பா. எங்கள் ஊரில் அப்படித்தானே, ஒரு மரத்தடி கண்டால் ஒரு சூலத்தைக் குத்திவிடுவோம். கராஜில் வேலை செய்த ஒரு அண்ணை பழைய காரின் இரும்பில் சூலம் அடித்துத் தந்தார். நடு முனை கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. "பறவாயில்லை, வைரவரும் எங்களை மாதிரிக் குளிரில நடுங்குறார்" என்று பெரியப்பா சிரித்தார். காட்டு அப்பிள் மரம் ஒன்றின் அடியில் சூலத்தை நட்டு, ஜாம் போத்தலுக்குள் விளக்கு வைத்தோம். வெள்ளிக்கிழமைகளில் வடைமாலை. எனக்கு வைரவரை விட வடைதான் முக்கியம்.

வைரவர் வந்ததோடு காணி கோவிலாகிவிட்டது. செருப்பு வாசலோடு நின்றது. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் உள்ளே போகமாட்டார்கள். அந்த நாட்களில் அம்மாவின் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டவர் ஹவாய் அன்ரி.

ஹவாய் அன்ரி அடுத்த துண்டுக்காரி. என் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கணவர் வெள்ளைக்காரர், தபால்காரர். அன்ரி பெருத்த உடம்புக்காரி, சிரித்தால் ரயில் சத்தத்துக்கு மேலாலும் கேட்கும். யாரோ தெருவில் எறிந்த பழைய குளியல் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து, மண்ணுக்குள் புதைத்து, தண்ணீர் கட்டி, அதற்குள் ஏதோ நட்டிருந்தார். இலை விரிந்ததும் அம்மா ஓடிப் போய்க் குனிந்து பார்த்தார்.

"இது எங்கட சேம்பெல்லோ!"

அன்ரி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா சாப்பிடுவது போலக் கையை வாயிடம் கொண்டுபோய், பிறகு தொண்டையைச் சொறிந்து காட்டினார். சரியாக அவிக்காவிட்டால் கடிக்கும் என்று அர்த்தம். அன்ரி கைகொட்டிச் சிரித்துத் தானும் தொண்டையைச் சொறிந்து காட்டினார். உலகத்தின் இரண்டு மூலையில் இரண்டு பேருக்கும் ஒரே கிழங்கு தொண்டையைக் கடித்திருக்கிறது. அதற்குப் பிறகு அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் அவ்வளவு தேவைப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருந்து போஞ்சி உடைத்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பா அன்ரியிடம், ஊரை விட்டு ஏன் வந்தார் என்று கேட்கச் சொன்னார். அன்ரி இங்கிலீஷில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். எல்லாம் அன்றைக்கே எனக்கு விளங்கியது என்று சொல்லமாட்டேன். பிறகு வளர்ந்து தேடி வாசித்துத்தான் முழுவதும் பொருந்தியது.

நடுக்கடலில் தீவுகள். அங்கே ஒரு ராணி இருந்தாராம். அமெரிக்க வியாபாரிகள் ராணியை இறக்கிவிட, அரச காணியெல்லாம் கடைசியில் அமெரிக்க அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டது. பிறகு அந்தத் தீவுகள் ஒரு மாநிலமானபோது, இது பொதுக் காணி, மாநிலம் இதைப் பொறுப்பாக வைத்திருக்க வேண்டும், இந்த மண்ணின் பூர்வீகச் சனத்தின் நன்மைக்கும் இது உதவ வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அதற்கும் முன்னமே, பூர்வீகச் சனம் குடியிருக்க என்று வேறு காணியும் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

"பிறகென்ன, நல்ல விஷயந்தானே?" என்றார் பெரியப்பா.

"என் அப்பா அந்தக் காணிக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார். காத்திருந்தே செத்துப்போனார்" என்றார் அன்ரி. "காணி இல்லாமல் இல்லை. ஒரு பக்கத்தில் விமானம் இறங்கியது. இன்னொரு பக்கத்தில் ஆமிக்காரர் சுட்டுப் பழகினார்கள்."

பெரியப்பா போஞ்சி உடைப்பதை நிறுத்தினார். "எங்க போனாலும் ஆமிக்குக் காணியிலதான் கண்போல" என்றார்.

அந்தக் காணி வேண்டுமென்றால் உடம்பில் பாதியாவது பூர்வீக இரத்தம் இருக்க வேண்டுமாம். தன் பிள்ளைகளுக்குக் கால்வாசிதான் என்று அன்ரி சொன்னார். "ஐயோ, இரத்தத்தை ஆர் அளக்கிறது?" என்று அம்மா கேட்டார். நான் கேட்டுச் சொன்னேன். "அளப்பதற்கு மட்டும் அவர்கள் பிந்தமாட்டார்கள்" என்றார் அன்ரி.

பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "அது அமெரிக்கா, பிள்ளை. இது லண்டன். இஞ்ச கல்லிலயே வெட்டி வைச்சிருக்கிறான் எண்டு சொல்லு." சொன்னேன். அன்ரி வாசல் கல்லைத் திரும்பிப் பார்த்தார். "கல்லுக்கு ஒன்றும் ஆகாது. கல் எப்போதும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். பெரியப்பா அதை ஒரு சம்மதமாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அந்தக் கோடையிலேயே பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் விழுந்து இறந்துவிட்டார். லண்டனில் எங்கள் சொந்தத்தில் அதுதான் முதல் சாவு. என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு உடலைக் கொண்டுவர முடியவில்லை. வாய்விட்டு அழ முடியவில்லை. பெரியம்மா ஒப்பாரி தொடங்க, சவச்சாலைக்காரர் வந்து பயந்துபோய்ப் பார்த்தார். தகனசாலையில் எங்களுக்குத் தந்த நேரம் முடிய முன்னமே அடுத்த சாவீட்டுக்காரர் வெளியே வரிசையில் நின்றார்கள். அப்பா ஒரு பொத்தானை அமர்த்தினார், திரை மூடியது. "என்ர அண்ணனுக்கு நான் கொள்ளி வைக்கேல்லை, சுவிச்சுப் போட்டனான்" என்று அப்பா வீட்டுக்கு வந்து சுவரில் தலையை முட்டினார்.

அதனால்தான் துடக்கை, அந்தச் சாவுத் தீட்டை, அவ்வளவு இறுக்கிப் பிடித்தார்கள். மற்றது எதையும் முறையாகச் செய்யக் கிடைக்கவில்லை, இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று. அந்தியேட்டிச் சடங்கு முடிகிற முப்பத்தோராம் நாள் வரை பங்காளி வீடுகள் எல்லாவற்றுக்கும் துடக்கு. கோவில் இல்லை, விளக்கு இல்லை. வைரவர் இருக்கிற காணி வாசலையும் மிதிக்கக் கூடாது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காணியில் போஞ்சி பூத்து நின்ற நேரம் அது. மழையும் இல்லை.

செய்தி கேட்டு வந்த ஹவாய் அன்ரி, எல்லாத் துண்டுகளுக்கும் தான் தண்ணீர் விடுவதாகச் சொன்னார். அம்மாவின் முகம் தெளிந்தது. கதிரையில் இருந்த கவுன்சில் சித்தப்பா கையைக் காட்டி மறித்தார்.

"என்னத்துக்கு அண்ணி பிறத்தியாரிட்டக் கடமைப்படுவான்? கவுன்சில்ல தண்ணி விட ஆக்கள் இருக்கினம், நான் ஒழுங்கு செய்யிறன். நீங்கள் துடக்கைக் காத்துக்கொள்ளுங்கோ. காணியை நான் பாத்துக்கொள்ளுறன்."

அவருக்கும் துடக்குத்தான். அவரும் எங்கள் இரத்தந்தான். அதனால் அவர் சொன்னது அப்பாவுக்கு வேதவாக்கு. தேவையில்லை, நன்றி என்று அன்ரியிடம் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன்.

கொஞ்ச நாளில் அன்ரி மறுபடி வந்தார். ஒரு பாத்திரத்தில் சேம்பிலை அவித்துக் கொண்டுவந்திருந்தார், சாவீட்டில் அடுப்பு எரியாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். படி ஏறி வந்த வேகத்தில் மூச்சு வாங்கியது. ஒருவரும் தண்ணீர் விடவில்லை, எல்லாம் காய்கிறது என்றார். காணி வாசல் படலையில் கவுன்சில் ஒரு அறிவித்தல் கட்டியிருக்கிறது என்றார். இந்தக் காணியை ஒருவரும் பாவிப்பதில்லை, எழுதி வைத்த நோக்கத்துக்கு இது இனி உதவவில்லை, அதனால் வேறு தேவைக்கு எடுக்கப் போகிறோம், மறுப்பு உள்ளவர்கள் இந்த மாதத்துக்குள் சொல்லுங்கள் என்று இருக்கிறதாம். "இன்றைக்கே எல்லோரும் வாருங்கள். நானும் வருகிறேன். போய்ச் சத்தம் போடுவோம்!"

நான் மொழிபெயர்த்து முடித்தேன். அன்றைக்கும் சித்தப்பா அங்கேதான் இருந்தார். அன்ரியிடம் அழகான இங்கிலீஷில், "மேடம், நாங்கள் இதைக் கவனித்துக்கொள்கிறோம்" என்றார். பிறகு அப்பாவிடம் குரலைத் தாழ்த்தினார்.

"அது வருசா வருசம் கட்டுறது, அண்ணை. சும்மா ஒரு சட்டத்துக்கு. இவ ஒரு கலகக்காரி, எல்லா இடமும் இப்பிடித்தான். இவவோட சேந்து கவுன்சில் வாசல்ல போய்க் கூச்சல் போட்டா, நாளைக்கு உங்கட கவுன்சில் வீட்டுக் கேசையும் விசாக் கேசையும் ஆர் பாக்கிறது? எனக்குத்தான் மரியாதை போகும்."

விசா என்ற சொல் விழுந்ததும் அப்பா குனிந்துவிட்டார். அம்மா மட்டும் குசினி வாசலில் நின்று கேட்டார்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா எட்டிப் பாத்தா என்ன? உள்ளுக்குப் போகாம றோட்டில நிண்டு பாத்திட்டு வருவம்."

சித்தப்பா திரும்பினார். கோபமே இல்லாத குரல். "அண்ணி, பெரியண்ணைக்கு இஞ்ச ஒண்டுமே ஒழுங்காச் செய்யக் கிடைக்கேல்லை. துடக்கோட நீங்கள் வைரவற்ற வாசல்ல போய் நிண்டா, அந்த ஆத்மா என்ன நினைக்கும்?"

அம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அப்பா என்னைப் பார்த்து, "நன்றி எண்டு சொல்லு பிள்ளை. எங்கட ஆள் உள்ளுக்க இருக்கிறார், அவர் பாப்பார் எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். அன்ரி சித்தப்பாவைக் குடை முதல் சப்பாத்து வரை ஒருதரம் பார்த்தார்.

"எங்களுக்கும் உள்ளே எங்கள் ஆட்கள் இருந்தார்கள்" என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. கேட்கிற நிலையில் அங்கே ஒருவரும் இல்லை.

முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து எல்லாம் செய்து, வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பந்தி வைத்தோம். சித்தப்பா முதல் பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார். பாயாசத்துக்கு இரண்டாம் தரம் கிண்ணத்தை நீட்டினார். "பெரியண்ணைக்கு ஒரு குறையும் வைக்கேல்லை" என்று சொல்லிக் கண் கலங்கினார். அந்தக் கண்ணீர் பொய் இல்லை, அதுதான் என்னை இன்றைக்கும் அரிக்கிறது. அம்மா விடியவே எழும்பி உளுந்து அரைத்து வடை சுட்டு மாலை கோத்து வைத்திருந்தார். "போங்கோ அண்ணி, வைரவருக்கு வடைமாலையைச் சாத்திப்போட்டு வாங்கோ" என்று அனுப்பி வைத்தவரும் அவரேதான். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

பின்னேரம் போனோம். வாசலில் பழைய படலை இல்லை. ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு வேலி, சங்கிலி, பெரிய பூட்டு. கம்பிகளுக்கு ஊடாகப் பார்த்தோம். போஞ்சிக் கொடி காய்ந்து தடிகளில் தொங்கியது. பூசணி இலைகள் கருகி, பிஞ்சுகள் மண்ணில் சுருங்கிக் கிடந்தன. பச்சையாக இருந்தது அன்ரியின் துண்டு ஒன்றுதான், அதையும் இயந்திரம் வந்து பிரட்டிப்போட்டிருந்தது. குளியல் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. அப்பிள் மரத்தடியில் சூலம் மட்டும் சாய்ந்த முனையோடு அப்படியே நின்றது.

அன்ரி வேலிக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தார். எங்களுக்காகத்தான் காத்திருந்தார். துடக்கு என்றைக்கு முடியும் என்று ஒருமுறை என்னிடம் விரல் விட்டு எண்ணிக் கேட்டிருந்தவர். நடந்ததைச் சொன்னார்.

சேம்பிலையோடு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து போன மறுநாள், கமெராவோடு இரண்டு வெள்ளைக்காரர் வந்தார்களாம். கூட்டி வந்தவர் குடைக்காரர். "உங்கள் ஆள் உள்ளே வரவில்லை" என்றார் அன்ரி. "நாய்க்குப் பயந்தவர் மாதிரி வாசலிலேயே நின்றார். அங்கே நின்று குடையால் காட்டினார். இது, அது, அது. அவர்கள் உள்ளே போய்ப் படம் எடுத்தார்கள். என் துண்டை மட்டும் எடுக்கவில்லை. பிறகும் வந்தார்கள். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு."

அதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. பத்து வயதுப் பிள்ளையின் வாயால் கேட்கிற செய்தியா அது? தொடங்கிய உடனேயே அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். குடை என்ற சொல் அவருக்கு விளங்கும். தகப்பன் பிள்ளை எல்லோரையும் துடக்கு வெளியே வைத்திருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அந்தக் கவுன்சிலில் யார்? தானும் துடக்குக் காத்துக்கொண்டு வெளியே நின்றிருக்கிறார். வைரவருக்குப் பயந்தார். எங்களுக்குப் பயப்படவில்லை.

அம்மா வடைமாலையைப் பூட்டில் மாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். "அவனை வைச்சுக் கேக்கிறன் நான்" என்று அப்பா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்கவில்லை. விசாக் கேஸ் இருந்தது, பிறகு வீட்டுக் கேஸ், பிறகு சொந்தத்துக்குள் பிரச்சினை வேண்டாம். சித்தப்பாவுக்குக் கவுன்சிலில் பெரிய கதிரை கிடைத்தது. தீபாவளிக்கு வந்தார், பொங்கலுக்கு வந்தார். அம்மா புதுச் சீலை மாற்றித் தேத்தண்ணி கொடுத்தார். ஆனால் ஓம், இல்லை, சாப்பிடு, படு. அம்மா பழையபடி ஆகிவிட்டார். அன்ரி பேப்பரில் சுற்றிக் கொடுத்த சேப்பங்கிழங்கு ஒன்று குசினி ஜன்னலில் ஒரு வாளியில் இருந்தது. மாரிக் குளிரில் அழுகியது. அம்மா அதன் பிறகு ஒரு விதையும் போடவில்லை. அன்ரி வேறெங்கோ வீடு மாறிப் போனார். தொண்டையைச் சொறிந்து காட்டிய அந்த அம்மாவை நான் பிறகு காணவில்லை.

வயிறு எரிகிறது என்று சொன்னால் போதாது. இத்தனை வருடம் அது எரிந்துகொண்டே இருந்தது. ஆனாலும் நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

போன மாதம் அம்மாவின் எட்டுச் செலவுக்கு, எட்டாம் நாள் சடங்குக்கு, சித்தப்பா வந்தார். தளர்ந்துவிட்டார், குடைக்குப் பதில் இப்போது கைத்தடி. மனைவி காலமாகிவிட்டார், மகன் கூப்பிட வரவில்லை, கொண்டுபோய் விடுகிறாயா பிள்ளை என்று கேட்டார். காரில் அம்மாவின் குணத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். "உன்ர அம்மா ஒரு நாளும் என்னை ஒரு சொல் கேட்டதில்லை" என்றார். ரயில் பாலம் தாண்டி இடப்பக்கம் திரும்பச் சொன்னபோது, இது அந்தத் தெரு என்று எனக்கு விளங்கியது.

வரிசை வீடுகளுக்குப் பின்னால் செங்கல் நிறத்தில் பிளாட்டுகள். முன்சுவரில் அந்தக் கல். நன்றாகக் கழுவி, ஒரு சின்ன லைட்டும் போட்டு வைத்திருந்தார்கள்.

"பாத்தியே, கல்லை எறிய விடேல்லை நான். மீட்டிங்கில சண்டை பிடிச்செல்லோ வைப்பிச்சனான்" என்றார்.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். கீழ்த்தளம், இரண்டு அறை, பின்னால் கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளியே பாய் அகலத்துக்கு ஒரு துண்டு மண். மூலையில் சீமெந்துப் பீடம் கட்டி, அதில் ஒரு சூலம். நடு முனை வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"புல்டோசர்காரன் தூக்கி எறியப் பாத்தான், நான் ஓடிப் போய் எடுத்திட்டன்" என்றார் சித்தப்பா. "இந்த பிளாட்டை எடுத்ததே அவருக்காகத்தான். உன்ர பெரியப்பா வைச்ச வைரவரை நான் கைவிடுவனே? துடக்கெண்டபடியா இந்தக் கிழமை முழுக்கக் கதவு திறக்கேல்லை. பாவம், கன்றெல்லாம் வாடிப்போச்சு."

பீடத்தைச் சுற்றி நின்ற செவ்வந்திக் கன்றுகள் தலை தொங்கியிருந்தன. பக்கத்தில் ஒரு பூவாளி. துடக்குக்கு முன் நிரப்பி வைத்த தண்ணீர் அதில் அப்படியே இருந்தது.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தள்ளினேன்.

"பிள்ளை! என்ன செய்யிறாய்? துடக்கெல்லோ! உனக்கும் துடக்கு, போகாத!"

மண் காலில் குளிர்ந்தது. பத்து வயதுக்குப் பிறகு முதல் தரம். திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா வாசல்படியிலேயே நின்றார். ஒரு கால் கூட வெளியே வரவில்லை. கைத்தடியை நீட்டி என்னைக் காட்டிக் காட்டி, "வெளியில வா, தெய்வக் குற்றம், வெளியில வா" என்று கத்தினார்.

நான் பூவாளியை எடுத்து முதல் கன்றுக்குத் தண்ணீர் விட்டேன்.

"நீங்கள் துடக்கைக் காத்துக்கொள்ளுங்கோ, சித்தப்பா" என்றேன். "காணியை நான் பாத்துக்கொள்ளுறன்."